மீன்கள் மேலே போனால்

படுக்கையில் விழுந்த கஸ்பாருக்காகத்தான் மாடித்தரையை உடைத்து, கீழ்க்கூடத்திலிருந்து அவர் கட்டில்வரை அந்த மீன்தொட்டியை உயர்த்திக் கட்டினார்கள்.

“முட்டிவலியோட சும்மா சும்மா ஏறி வராத. எதாவது வேணும்னா தீனி போடுதேன். மீனெல்லாம் மேல போனா வா” என்று மனைவி எமல்டாவிடம் சொல்லியிருந்தார்.

தண்ணீருக்கு, தலையணையைத் திருப்ப, வெறுமனே அவள் முகம் பார்க்க என்று மீன்கள் மேலே போய்க்கொண்டேயிருந்தன. எமல்டாவும் கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டேயிருந்தாள். மீன்கள் கொழுத்துவிட்டன.

இன்று மத்தியானம் அவள் சோற்றில் கைவைத்ததும் மீன்கள் மொத்தமாக மேலே ஓடின. “வாரேன், வாரேன்” என்றபடி கையைக் கழுவிவிட்டு முதல் படியில் கால் வைத்தாள்.

தொட்டிக்குள், கஸ்பாரின் கையைவிட்டு நழுவிய தீனி டப்பாவே புரண்டு புரண்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

அது மணலைத் தொடும்வரைக்கும் உட்காரலாம் என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.