இடப்பக்க ஆரத்தி

ஓட்டுக் கேட்டு எம்.எல்.ஏ. தணிகாசலம் தெருவுக்கு வந்தபோது, ஆரத்தி எடுக்க நின்ற பெண்களில் முதல் ஆளாக நின்றாள் பூங்காவனம். அவருடைய மணல் லாரிதான் பள்ளிக்கூடம் போன அவள் மகளை நசுக்கிவிட்டுப் போனது. செத்த பிள்ளைமேலேயே தப்பென்று கேஸை மூடினார்கள். அதெல்லாம் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? கும்பிட்டபடி ஜீப்பிலிருந்து குனிந்து முகத்தைக் காட்டினார். பூங்காவனம் தாம்பாளத்தை இடப்பக்கமாகச் சுற்றினாள். சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தோடு பிணத்தைச் சுற்றுவார்களே, அந்தப் பக்கமாக. மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. தேர்தலில் அவர் தோற்றார். ஆட்சியும் மாறியது. தெருவே வெடி வெடித்துக்கொண்டிருந்தபோது அவள் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். இனி அதற்கு வேலை இல்லையென்று நினைத்தாள்.

மறுமாதம் புது மந்திரி நன்றி சொல்ல வந்தார். அதே ஜீப்பில், அவர் தோளை உரசிக்கொண்டு தணிகாசலம் நின்றார். வேட்டியின் கரை மட்டும்தான் மாறியிருந்தது. பூங்காவனம் உள்ளே ஓடி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, மந்திரிக்கு வலப்பக்கமாகவே சுற்றினாள். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். கை இடப்பக்கம் போனது. இந்த முறை அவர் பார்த்துவிட்டார். முகத்திலிருந்த சிரிப்பு மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “ஏம்மா, வலப்பக்கமா சுத்தும்மா.”

“அது உயிரோட இருக்கறவங்களுக்குங்கய்யா,” என்றவள் கையை நிறுத்தவில்லை.