மங்கிப்போன தகடு

"அவசரப்படாதை தம்பி. மெல்ல மெல்ல."

கடைக்குள் வந்து கதிரையில் இருந்ததிலிருந்து கொன்ஸ்ரன்ரைன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வவுனியாவிலிருந்து வந்த பிரசாந்தன் போட்ட போன் திருத்தும் கடை அது. போன்கள் கிடக்கும் மேசையில் இன்றைக்கு ஒரு கிற்றார் மல்லாந்து கிடந்தது.

அதன் வட்ட வாய்க்குக் கீழே, வாசிக்கிறவனின் விரல்கள் உரசும் இடத்தில், உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் தகடு. முன்பு பிரசாந்தனே ஒட்டிக் கொடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. உப்புக்காற்றும் வெக்கையும் ஏறி, இப்போது பாலாடை படிந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

அதைக் கழற்ற வேண்டும். அடியில் உள்ள பலகைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. நல்ல தகடாக ஒன்றை மேலே ஒட்ட வேண்டும். மனைவி றோசம்மா சொல்லி அனுப்பியது அவ்வளவுதான். அதற்காகத்தான் அவர் கிழிந்த வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அண்டைக்கே சொன்னனான் அங்கிள், நல்லாத் துடைச்சு, பொலிஷ் போட்டு ஒட்டுவம் எண்டு. நீங்கள் துணியைக்கூடக் கிட்டக் கொண்டுபோக விடேல்ல. தூசுக்கு மேல ஒட்டினால் இப்பிடித்தான் பொங்கும்."

"சரி, என்ர பிழைதான். நீ உன்ர கையைப் பார்."

"மகன்ர கிற்றார் எண்டனீங்கள். அவர் ஏன் தந்தியை விட்டிட்டுப் பெட்டிப் பலகையில போட்டு அடிக்கிறார், எல்லாம் கீறல்?"

"கோயில் பாடகர் குழுவில மேளம் இல்லை. அதுக்கும் சேர்த்து இதிலதான் தட்டுவான்."

"அப்ப பூசை முடியுமட்டும் கிற்றாருக்குத்தான் பாடு."

கொன்ஸ்ரன்ரைன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பிரசாந்தன் போன் திரைகளைக் கழற்றும் சூட்டுக்காற்று மெஷினை எடுத்து, தகட்டின் ஓரமாகப் பிடித்தான். மெல்லிய பிளாஸ்ரிக் துண்டொன்றை மூலைக்குள் செருகினான். மூலை கிளம்பியது.

நகமளவு. பிறகு விரலளவு.

தகட்டோடு சேர்ந்து வேறெதுவோ கிளம்பியது. பொன்னிறத்தில், வெங்காயத் தோல்போல.

"தம்பி, அது என்ன?"

"வார்னிஷ். இது போனுக்கு ஒட்டுற பசை அங்கிள், பிடிச்சால் விடாது. கிற்றாருக்கெண்டு செய்யிற தகடு இஞ்ச எங்க கிடக்கு?"

"நிப்பாட்டு."

பிரசாந்தன் நிறுத்தினான். பாதித் தகடு பலகையில் இருந்தது. மற்றப் பாதி நாக்கு நீட்டியதுபோல் மேலே நின்றது.

"இனி நிப்பாட்டியும் பிரயோசனமில்லை. அமத்தினாலும் ஒட்டாது, இழுத்தாலும் வார்னிஷ் வரும். என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் கையை நீட்டினார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நடுக்கடலில் இயந்திரம் நின்ற படகைக்கூடக் கரைசேர்த்த கை அது. இந்த உள்ளங்கையளவு இடத்தில் அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்ட பிரசாந்தன் மிச்சத்தையும் உரித்தான். சுருண்ட தகட்டைக் குப்பை வாளிக்குள் போட்டான். பலகையில் கிடந்த தூளை ஊதினான். துணியால் ஒரு தடவை துடைத்தான்.

வெறும் மரம் வெளிறி, வழுவழுப்பாகத் தெரிந்தது.

"பயந்தது காணும் அங்கிள். மரத்துக்கு ஒண்டுமில்லை. அதில கிடந்த கீறல் எல்லாம் வார்னிஷோடயே போயிட்டுது. மேலால ஒரு பூச்சு அடிச்சுத் தாறன். மகன் வந்து பார்த்தால் புதுசு எண்டுதான் நினைப்பார்."

சட்டைப்பையில் போன் அடித்தது. றோசம்மா. அவளுடைய குரல் அந்தச் சின்னக் கடை முழுக்கக் கேட்டது.

"என்னப்பா, கழட்டியாச்சோ?"

"ஓம்."

"பிள்ளையின்ர நகம் பட்ட கோடெல்லாம் இப்ப வடிவாத் தெரியுதோ?"

கொன்ஸ்ரன்ரைன் வழுவழுப்பான அந்த மரத்தைப் பார்த்தார்.

கடலுக்குப் போன மகன் டினோஜன் திரும்பி வரவில்லை. படகு மட்டும் நாயாற்றுப் பக்கம் கரையொதுங்கியது. இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் தினத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போவதற்கு அவர்களுக்கு ஒரு குழிகூட இல்லை. றோசம்மா பின்னேரங்களில் கிற்றாரை மடியில் வைத்து, அந்தக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருப்பாள். தடவித் தடவியே அழித்துவிடுவாள் என்ற பயத்தில்தான் அவர் அதன்மேல் தகடு ஒட்டுவித்தார்.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

"கேக்குது. வாறன், வை."

குனிந்து குப்பை வாளிக்குள் கைவிட்டார். சுருண்டு கிடந்த தகட்டை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, மேசை விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்தார். ஒட்டிவந்த வார்னிஷில் மெல்லிய கோடுகள், விரல்கள் இறங்கிய சாய்வோடு, அப்படியே இருந்தன.

"தம்பி, இதை அந்த இடத்திலயே திரும்ப ஒட்டித் தா."

பிரசாந்தன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். வெறும் மரத்தின்மேல் வைத்து, ஓரம் பார்த்து நகர்த்தி, பெருவிரலால் அழுத்தினான்.

கையை எடுத்ததும் தகடு சுருண்டுகொண்டது.

மறுபடி அழுத்தினான்.