விரல் கிளிப்

அலாரம் மறுபடியும் கத்தியது.

"ஒண்ணுமில்ல, கிளிப்தான்" என்றான் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எழுந்து போனேன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க அம்மாவின் ஆள்காட்டி விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்று போர்வையில் கிடந்தது. மாட்டினேன். மானிட்டரில் எண்கள் திரும்பி வந்தன, அலாரம் வாயை மூடியது. வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பேர், இருப்புக் கொள்ளவில்லை.

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. நேற்று மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய மாஸ்க் அவளுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் இரண்டு வார்த்தைக்குள் உதடு நீலமாகிவிடுகிறது. அதனால் பேச வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். பேசத்தான் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோமே.

அண்ணன் இதய அறுவை மருத்துவன். அம்மா அவனுக்கு வைத்த பெயர் கத்தி. நானும் இதய மருத்துவர்தான், ஆனால் கத்தி எடுக்காத ரகம். என் பெயர் மாத்திரை. அண்ணி மயக்க மருத்துவர். அவளுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை, மருமகள் என்ற மரியாதை. மூன்று டாக்டர்கள் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு தலைவலி மாத்திரைகூடச் சண்டையில்லாமல் யார் வயிற்றுக்குள்ளும் போனதில்லை.

"நெஞ்சத் தொறந்து புது வால்வு வெச்சிடலாம். இருபது வருஷம் உழைக்கும்" என்றான் அண்ணன்.

அலாரம்.

எழுந்தேன். மாட்டினேன்.

"அம்மாவுக்கு எழுபத்தொம்பது வயசு. தொண்ணூத்தொம்பது வரைக்கும் வாரண்டி எதுக்கு?" என்றேன்.

என் கட்சி புது முறை. மடக்கிய குடையைப் போல வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாக மேலே அனுப்பி, இதயத்துக்குப் போனதும் விரிப்பது. இரண்டாம் நாளே எழுந்து நடக்கலாம். சொல்லி முடித்து மூச்சு விடவில்லை.

அலாரம்.

இந்த முறை அண்ணி எழுந்தாள். அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். "அத்தைக்கு மாஸ்க் லூசா இருக்கு போல" என்று கிளிப்பை மாட்டி, பட்டையை ஒரு பிடி இறுக்கிவிட்டு வந்தாள்.

போன மாதம் மருத்துவர்கள் கூட்டத்தில் நான் பேசியதே இதைப் பற்றித்தான். வார்டில் மெஷின்கள் ஓயாமல் கத்துகின்றன, கேட்டுக் கேட்டு நம் காது மரத்துவிட்டது, அலாரம் அடித்தால் முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள், திரையை அப்புறம் பார்க்கலாம் என்றேன். கைதட்டினார்கள். அண்ணன்கூடத் தட்டினான்.

இப்போது அவன் சாயத்தைப் பிடித்துக்கொண்டான். புது முறைக்கு, ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றுகிற சாயத்தை அம்மாவின் சிறுநீரகம் தாங்காது என்றான். அதற்கும் வழி இருக்கிறது என்றேன். அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால். என் முயலுக்கும் அதே கணக்குதான்.

அலாரம்.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. எட்டி, மானிட்டரின் ஓரத்துப் பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தான். "மூணு டாக்டர் பக்கத்துலயே இருக்கோம். இது வேற."

சத்தம் நின்றதும் சண்டையும் சீக்கிரம் முடிந்தது. நான்தான் தோற்றேன். சிறுநீரகத்தைச் சொல்லிச் சொல்லியே அண்ணன் என்னைச் சாய்த்துவிட்டான்.

"எங்க சீஃப்கிட்ட பேசிடறேன். நாளைக்குக் காலையில மொத கேஸ் அம்மாதான்" என்றான். அண்ணி தலையாட்டினாள்.

தோற்ற முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மானிட்டரைப் பார்த்தேன். கிளிப்பின் அலை சத்தமில்லாமல் படுத்துக் கிடந்தது. அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கண்களை அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைப் பார்த்தேன். கிளிப் போர்வையில் கிடந்தது. அவள் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நுனியில் இன்னும் அழுந்தியிருந்தது.

அது கழன்று விழவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மாதான் தள்ளிவிட்டிருக்கிறாள்.

ஊருக்குத்தான் உபதேசம்.

கிளிப்பை மாட்டினேன். பொத்தானை அழுத்தி அலாரத்தின் அடைத்த வாயைத் திறந்துவிட்டேன்.

"மறுபடியும் கத்தும்" என்றான் அண்ணன்.

"கத்தட்டும்."

அம்மாவின் காதருகே குனிந்தேன். "வேணாம்னா தள்ளிவிடும்மா. நெஞ்சத் தொறக்கலாமா?"

கட்டைவிரல் தள்ளியது. அலாரம்.

மாட்டினேன். "தொடை வழியா?"

அலாரம். கொஞ்சம் யோசித்துத் தள்ளியது போலத்தான் இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. வால்வைத் தொடாமல், மருந்து மட்டும் கொடுத்து, மூச்சு தணிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவது. அதற்குப் பிறகு எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவு பேச்சிலும் எங்கள் மூவரில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "கேக்காத" என்றான். கத்தியின் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதேயில்லை. "அத மட்டும் கேக்காத."

நான் கிளிப்பை மாட்டினேன்.

"வீட்டுக்குப் போயிடலாமாம்மா?"

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாள் முழுக்க உயிரை வாங்கிய சத்தம். இப்போது ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

கட்டைவிரல் அசைந்தது.

அம்மா விரல்களை மடக்கி, மாட்டிய கிளிப்பைக் கழலவிடாமல் உள்ளங்கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டாள்.