சொன்ன பேச்சு கேட்கக் கூடாது

"இந்த நாய் என் பேச்சைக் கேக்கக் கூடாது. அதைத்தான் நீங்க சொல்லிக் கொடுக்கணும்."

பயிற்சிக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினோரு வருடமாக நாய்களைப் பழக்குகிறாள். செருப்பைக் கடிக்குது, சோபாவைக் கிழிக்குது, கூப்பிட்டா வரமாட்டேங்குது என்று புலம்பிக்கொண்டு வந்தவர்கள்தான் எல்லோரும். நல்ல நாயைக் கூட்டி வந்து கெடுத்துக் கொடு என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த சட்டை, வளையாத முதுகு. பக்கத்தில் மகள். காலடியில் நாய். பெயர் சிப்பாய்.

"இப்ப சொன்னா கேக்குதா, சார்?"

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. "சிப்பாய், இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மைதானத்தின் கோடிக்குப் போய் மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

சிப்பாய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். பயிற்சிக்காரி மூக்குக்கு நேரே பிஸ்கட்டை ஆட்டினாள். பந்தை உருட்டினாள். ஒரு பூனைகூடக் குறுக்கே போனது. ம்ஹூம். கால் மணி நேரம் கழித்து அவர் வந்து தலையைத் தொட்ட பிறகுதான் எழுந்தது.

"நான் வந்து தொடுற வரைக்கும் எழுந்திரிக்காது. ரெண்டு வருஷ உழைப்பும்மா" என்றார். குரலில் பெருமை வழிந்தது. "இதை அழிச்சுடணும்."

"கட்டின வீட்டை யாராவது இடிப்பாங்களா, சார்?"

"இடிச்சுத்தான் ஆகணும்."

பயிற்சிக்காரிக்குப் புரிந்துவிட்டது. நாயை மகள் தலையில் கட்டிவிட்டு மனிதர் எங்கேயோ கிளம்பப் பார்க்கிறார். வயதான காலத்தில் தொல்லை வேண்டாம் என்று கைகழுவுகிறவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். அப்போதே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

மறுநாளே வேலை தொடங்கியது. பாடம் சுலபம். அவர் "இரு" என்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் கூப்பிடுவாள். எழுந்து போனால் கோழித் துண்டு. உட்கார்ந்தே இருந்தால் ஒன்றும் கிடையாது. முக்கியமாக, அவர் கை அதன் தலைமேல் படவே கூடாது.

முதல் வாரம் முழுக்க நாய் நகரவில்லை. மகள் கூப்பிட்டால் வால் மட்டும் ஆடும். கண் அவர்மேலேயே இருக்கும். 'சரியாத்தானே உக்காந்திருக்கேன், ஏன் தொடமாட்டேங்கறீங்க?' என்று கேட்பதுபோல இருக்கும். அவர் இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கல்நெஞ்சக்காரன் என்று பயிற்சிக்காரி மனசுக்குள் திட்டினாள். நாயை விடுங்கள், தினமும் பார்க்கிற அவளைப் பார்த்தே ஒரு சிரிப்பு கிடையாது. புது ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பெரிய டிரில் மாஸ்டர் என்கிற மிதப்பு!

மூன்றாவது வாரம் ஒரு நாள் சிப்பாய் பாதி எழுந்தது. அவரைப் பார்த்தது. மகளைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மகளிடம் போய்க் கோழித் துண்டை வாங்கிக்கொண்டது. கொடுக்கும்போது மகள் அழுதாள்.

ஐந்தாவது வாரம் பரீட்சை.

"சிப்பாய், இரு!"

மைதானமே திரும்பிப் பார்க்கிற குரல். சிப்பாய் காதைச் சொறிந்துகொண்டது. யாருக்கோ சொல்கிறார் என்பதுபோல மகளை நோக்கி ஓடியது.

"சிப்பாய், இரு!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தேறிடுச்சு" என்றார் டிரில் மாஸ்டர். அப்படியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். முதுகு முதல்முறையாக வளைந்திருந்தது.

பயிற்சிக்காரிக்கு அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாய் வேண்டாம்னா வேண்டாம்னு குடுத்துட்டுப் போயிருக்கலாமே. உங்கமேல உசுரையே வெச்சிருந்த வாயில்லா ஜீவனை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா மனசு ஒடிச்சு விட்டீங்களே. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"அக்கா, உங்களுக்கு விஷயம் தெரியாது..." என்று மகள் ஆரம்பித்தாள்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ இரும்மா. புத்தி தெளிவா இருக்கறப்பவே நானே சொல்லிடறேன்."

சிப்பாய் மகளின் காலடியில் படுத்துத் தூங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு மாசம் முன்னாடி, மருந்துக் கடை வாசல்ல இதை 'இரு'ன்னு சொல்லிட்டு உள்ள போனேனாம். மாத்திரையை வாங்கிட்டு வேற வாசல் வழியா வீட்டுக்கு வந்துட்டேனாம். யார் நாய்னு தெரியாம கடைக்காரர் ரொட்டி போட்டிருக்கார். கயித்தைக் கட்டி இழுத்துக்கூடப் பாத்தாராம். அசையலையாம். நல்ல மழை வேற. வெளியூர் போயிருந்த இவ மூணாம் நாள் வந்து, 'சிப்பாய் எங்கப்பா?'ன்னு கேட்டிருக்கா."

இரண்டு கையையும் மறுபடி பையில் விட்டுக்கொண்டார்.

"'யாரு அது?'ன்னு கேட்டேனாம்."