ஈரக் குட்டி

கருத்த ஆடு காலையிலிருந்தே மந்தையை விட்டு ஒதுங்கி நின்று, முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. மடி இறுகியிருந்தது. இன்றைக்குள் ஈன்றுவிடும் என்று சங்கையாவுக்குத் தெரியும். ஆனால் உரத்துக்காக மந்தையை அடைத்திருந்த வயலை உழ, நிலத்துக்காரர் டிராக்டரோடு வந்துவிட்டார். பட்டியைப் பிரித்துக் கட்டிவிட்டுத் திரும்பியபோது, கருத்த ஆடு ஓர் ஈரக் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை என்று குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மந்தையைக் கிளப்பினான்.

வழியெல்லாம் அந்த ஆடு பின்தங்கியது. இரண்டு முறை கம்பால் தட்டினான். மூன்றாம் முறை ஓங்கியே அடித்தான். கால்வாய்க் கரையில் படுத்தது எழவில்லை.

மந்தைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் மனைவி மாடத்தி திரும்பி வந்து, வாலைத் தூக்கிப் பார்த்தாள். "ஏய்யா, இது இன்னும் ஈனவே இல்ல. ஒத்தக் காலு மட்டும் வெளிய நிக்கி."

"குட்டிய நக்கிக்கிட்டு நின்னுச்சேட்டி."

"நோவு கண்ட ஆடு எது குட்டியவும் நக்கும். இருவது வருசமா மேய்க்கீரு, பின்னால பாக்கத் தெரியாதா?"

உள்ளே கைவிட்டான். தலை பின்னால் மடங்கியிருந்தது. திருப்பி இழுத்தபோது குட்டிக்கு உயிரில்லை. கொஞ்ச நேரத்தில் ஆடும் அடங்கியது.

தோளில் கிடந்த குட்டியைப் பெற்றது எதுவென்று மாடத்தி தேடினாள். பின்புறம் ரத்தம் காயாமல் நின்றது செவலை ஆடு; அதற்கு இது தலையீற்று, முதல் குட்டி. குட்டியை மோந்து பார்த்தது. வேறு ஆட்டின் வாடை. முட்டித் தள்ளியது.

சங்கையா குட்டியைத் தூக்கிவந்து, செத்த ஆட்டின் மடியில் விட்டான். சீம்பால் இன்னும் சூடாக இருந்தது. அது ஆறுவதற்குள் குடித்துவிடட்டும் என்று, காம்பைத் தானே அழுத்திக்கொடுத்தான்.