ரெண்டாவது சரணம்

"அந்த ஆளைக் குரூப்பை விட்டுத் தூக்குங்க மேடம். இல்லேன்னா நாங்க நாலு பேரும் வெளியே போயிடறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. மருந்துக்கடையில் கூட்டம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"மறுபடியும் உப்புத்தாளா?"

"வேற யாரு?"

சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடுகிறவர்களுக்காக அவள் போனில் ஆரம்பித்த குழு அது. நாற்பது பேர். யாருக்கும் பாட்டு தொழில் இல்லை. ஞாயிறுதோறும் ஒருவர் தன் பாட்டைப் போடுவார். மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும்.

கருத்து என்றால் ‘அருமை’, ‘சூப்பர்’, கூடவே ரெண்டு கைதட்டல் படம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அந்த ஒருவர் மட்டும் விதிவிலக்கு. ‘பல்லவி இழுக்குது.’ ‘மூணாவது வரியில தாளம் தப்புது.’ ‘இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் போட்டீங்களா?’ மூஞ்சியில் அடித்த மாதிரி எழுதுவார். மரத்தைச் சுரண்டித் தேய்க்கிற உப்புத்தாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இன்னிக்கு யாரோட பாட்டு?"

"நம்ம டாக்ஸிக்காரர் மேடம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் வாயே திறக்காம இருந்த மனுஷன், இன்னிக்குத்தான் ஒரு பாட்டுப் போட்டிருக்கார். அவரைப் போய் மிரட்டறார். நீங்களே பாருங்க."

பார்த்தாள். பாராட்டு மழைக்கு நடுவே மூன்று கல்.

‘ரெண்டாவது சரணம் சரியில்லை. போனை எடுங்க.’

‘ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க? உங்க வீடு எங்கே? நேர்ல வர்றேன்.’

‘இவர் விலாசம் யாருக்குத் தெரியும்? நான் விடப்போறதில்லை.’

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே உப்புத்தாளை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். சேரும்போது எல்லார்கிட்டயும் விலாசம் வாங்கினீங்கல்ல? டாக்ஸிக்காரர் விலாசம் குடுங்க."

"எதுக்கு? வீட்டுக்குப் போய் அவரை அழ வைக்கவா?"

"அந்த ரெண்டாவது சரணம்..."

"பிடிக்கலேன்னா பேசாம இருங்க. நொந்து போன மனுஷன் ஏதோ பாடியிருக்கார். அதுல போய் நொட்டை சொல்லணுமா?"

"நீங்க அதைக் கேட்டீங்களா அம்மா?"

"கேட்டேன், கேட்டேன். எல்லாரும்தான் கேட்டாங்க. உங்களுக்கு மட்டும்தான் குத்துது."

"ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"சொன்னதெல்லாம் போதும் சார்."

வைத்துவிட்டாள். அப்படியே அவரைக் குழுவிலிருந்து நீக்கினாள். அடுத்த நொடியே கைதட்டல்கள் வந்து விழுந்தன. ‘பீடை ஒழிஞ்சது’ என்று ஒருவர் எழுதினார். அவர் திரும்பத் திரும்ப அழைத்தார். அவள் அவர் எண்ணைத் தடை செய்துவிட்டு, இருமல் மருந்து கேட்டு நின்றவரிடம் திரும்பினாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

"அக்கா, பாட்டுக் குரூப் நடத்தறது நீங்கதானே? உங்க குரூப்ல டாக்ஸி ஓட்டறவர் இருக்காரே, அவர் தம்பி பேசறேன். ஆஸ்பத்திரியிலிருந்து."

"ஆஸ்பத்திரியா? அண்ணனுக்கு என்னாச்சு?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தப்பான முடிவு எடுத்துட்டார் அக்கா. உயிருக்கு ஆபத்து இல்லைன்னு இப்பத்தான் டாக்டர் சொன்னார். இன்னும் அரை மணி போயிருந்தா கைவிட்டிருப்பாங்களாம்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க குரூப்காரர் ஒருத்தர்தான் காப்பாத்தினார். அண்ணன் குரூப்ல தன் பேருக்குப் பக்கத்துல வச்சிருந்த போட்டோவுல வண்டி நம்பர் தெரிஞ்சுதாம். அதை வச்சுக்கிட்டு மூணு டாக்ஸி ஸ்டாண்டுல விசாரிச்சு வந்திருக்கார். கதவு உள்தாழ்ப்பாள். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரைக் கூட்டி உடைச்சு, அவரே தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தார். கையெல்லாம் ரத்தம். கட்டுப் போடச் சொன்னாக்கூட நகர மாட்டேங்கறார். அண்ணன் கண் முழிக்கட்டும்னு கட்டில் பக்கத்துலயே உக்காந்திருக்கார்."

"யாரு... கண்ணாடிக் கடைக்காரரா?"

"அவரேதான். தான் செஞ்சதைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பெருமையாச் சொல்லிக்கலை. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். ‘உங்க அண்ணன் பாட்டுல சொல்லியிருந்தாரே தம்பி’ன்னார். இருங்க அக்கா, டாக்டர் கூப்பிடறார்."

அழைப்பு முடிந்தது. அவள் பாட்டை ஓடவிட்டாள். பல்லவி முடிந்தது. முதல் சரணம் முடிந்தது. பிறகு அந்தக் கரகரத்த குரல், எந்த அவசரமும் இல்லாமல்:

‘வண்டிச் சாவி மாடத்துல, வாங்கின சட்டை தம்பிக்கு,
வழியில என்னைத் தேடாதீங்க, வந்த வேலை முடிஞ்சுபோச்சு.’

கடைக்கு யாரோ வந்து நின்றார்கள். அவள் நிமிரவில்லை.

ஐந்து நிமிடப் பாட்டு. காலை ஒன்பது மணிக்குப் போட்டிருந்தார் டாக்ஸிக்காரர். அதன் கீழே முதல் பாராட்டு, ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு, அவளுடைய பெயரில் இருந்தது:

‘மனசைத் தொட்ட வரிகள்! இப்படியே தொடருங்கள்.’