சொல்யூஷன் தலைவலி

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. நோய் இன்னதென்று உறுதிசெய்யாமலேயே மருத்துவர் தன் மனைவிக்கு மருந்தேற்றிவிட்டார் என்பது வேலுவின் குறை.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிவரை தன் ஆட்டோவிலேயே அமிர்தவள்ளியைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. கழுத்து கட்டையாய் விறைத்திருந்தது. கேட்டதற்கெல்லாம் உளறினாள்.

காரணம் அவனுக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் தோலுக்குச் சொல்யூஷன் தடவும் வேலை அவளுக்கு. அந்தப் பசையின் நெடியில் தலை வலிக்காதவர் அங்கே எவரும் இலர். விடுமுறை நாளில்தான் அந்த வலி எட்டிப் பார்க்காது.

மருத்துவர் ஹரிணி ரத்தம் மட்டும் எடுத்தார். உடனே ஊசியைப் போட்டார். ஸ்கேன் இல்லை. முதுகுத்தண்டில் நீர்கூட எடுக்கவில்லை.

"டெஸ்ட் எடுக்காம இன்னா மேடம் ஊசி? அது சொல்யூஷன் தலைவலி!"

"மூளைச் சவ்வுல கிருமி பூந்திருக்கும்போல இருக்குண்ணா. எந்தக் கிருமின்னு அப்புறம் பாக்கலாம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அக்கா தாங்க மாட்டாங்க."

பிறகுதான் முதுகு நீர் எடுத்தார்கள். தெளிந்திருக்க வேண்டிய அது, அரிசி கழுவிய நீராய்க் கலங்கியிருந்தது.

வேலு நிமிர்ந்து பார்த்தான். தொங்கிய புட்டியிலிருந்து பச்சைத்தண்ணீர்போல ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் நாலு பேரிடம் வழி கேட்டே வண்டி ஓட்டுபவன். கையில் ஏறிய அந்தத் துளியோ எவரையும் கேளாமல், மண்டைக்குள் பதுங்கியிருந்ததைத் தேடிச் சென்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அமிர்தவள்ளி கண்விழித்தாள். கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

திரும்பிய அந்தக் கழுத்தைக் கண்டு, அவன் கைகள் தாமாகவே குவிந்தன.

"இன்னாய்யா கும்புடு போடுற? இன்னிக்கு இன்னா கிழமை?"

"ஞாயிறு. ரெண்டு நாளா நீ டூட்டிக்குப் போவல."

"நேத்து ஒரு நாளுதான்யா! வெள்ளிக்கிழமை எங்க கம்பெனிக்கு வார லீவாச்சே, மறந்துட்டியா?" என்று சிரித்தாள்.



பசையின் பக்கமே போகாத நாளில் வந்த வலிக்குப் பசையின் பெயரைச் சூட்டி, அன்று காலைமுதல் மாலைவரை அவளை வீட்டிலேயே படுக்க வைத்திருந்தான்.

கிழமை முதல் வரியிலேயே இருக்கிறது. நீங்களும் அதைக் கடந்துதான் வந்தீர்கள். உங்கள் வீட்டில் காய்ச்சலோடு கழுத்து விறைத்துக் கிடப்பவரின் வலிக்குப் பெயர் வைக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.